வேளாண் வணிக மேற்படிப்பும் பொருளுதவி விண்ணப்பமும்

வேளாண்மை என்னும் சொல்லுக்கு உழவு என்பதே இன்று பெருவழக்கான பொருள். வள்ளுவப் பெருந்தகையோ அச்சொல்லைப் பிறர்க்கு உதவுதல் என்னும் பொருளில் ஆண்டுள்ளார். உழவையும் உதவியையும் ஒருசேர நினைக்க வைக்கும் கல்வித்துறை ஒன்று இன்று நம் மாணவரை ஈர்த்து வருகிறது. அதுவே வேளாண் வணிகம்.

விதை, உரம், பயிர்க்கடன் ஆகியவற்றில் தொடங்கி, அறுவடை, தரம் பிரித்தல், குளிர்பதனக் கிடங்கு, லாரி, கமிஷன் மண்டி, ஏற்றுமதி, சில்லறைக் கடை ஈறாக உள்ள தொடர் முழுவதையும் ஒன்றாக வைத்து ஆராய்வது இத்துறை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேவிஸ், ரே கோல்ட்பர்க் ஆகிய இருவரும் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட நூலே இக்கருத்துக்குத் தெளிவான உருவம் தந்தது. உழவர் குடியில் பிறந்தவர்க்கும் வேளாண் பட்டம் பெற்றவர்க்கும் மட்டுமே இது உரியது என்று எண்ண வேண்டியதில்லை. வணிகவியல் படித்தோரையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உள்ளன. மண்டியும் தராசும் அறிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றே நம்மை இதில் ஈடுபடுத்தியது. நம்மிடம் பயின்ற வணிகவியல் மாணவி ஒருவர், ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி நடத்துபவரின் மகள், மே மாதத்தில் ஓர் உறையுடன் வந்தார். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் வேளாண் வணிக முதுகலையில் அவருக்கு இடம் அளித்திருந்தது. வீட்டில் மகிழ்ச்சி. ஊர்ப் பெரியவர்களும், "முதலில் இடம் கிடைக்கட்டும், பணத்தைப் பிறகு பார்ப்போம்" என்று முன்பே ஆறுதல் கூறியிருந்தனர். அந்தப் 'பிறகு' வந்தபோது, அவர் நாடியிருக்கக்கூடிய உதவித்தொகைகளின் கதவுகள் அடைத்து மாதங்கள் பல ஆகியிருந்தன. ஜமாஅத் திரட்டிய தொகை கட்டணத்தில் ஒரு மூலைக்கும் போதவில்லை. மாணவி போகவில்லை.

அப்பெரியவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இடம் முன், பணம் பின் என்பது உள்ளூர்க் கல்லூரிகளில் நாம் கண்டு பழகிய வரிசை. மேற்படிப்புப் பொருளுதவியிலோ அவ்வரிசை தலைகீழாகி விடுகிறது. பிரிட்டிஷ் அரசு 1983 முதல் வழங்கிவரும் செவனிங் உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து, அக்டோபரிலோ நவம்பரிலோ மூடிவிடும். படிப்புத் தொடங்குவதோ அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில். விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழக இடம் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று படிப்புகளைக் குறித்துக் கொடுத்தால் போதும். ஆனால் 2,800 மணி நேரப் பணியனுபவம், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை, வேண்டும். படித்து முடித்தபின் குறைந்தது இரண்டாண்டுகள் தாயகத்தில் இருக்கவும் வேண்டும். எனவே பட்டம் பெற்ற அன்றே இதற்கு விண்ணப்பிக்க முடியாது, வேலை தேடிக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் நிலைமை சற்று வேறு. கெட்டிங்கன் பல்கலைக்கழகமும் கஸ்ஸல் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தும் பன்னாட்டு வேளாண்மை முதுகலையில் வேளாண் வணிகம் ஒரு சிறப்புப் பிரிவு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்பிப்புக் கட்டணமே இல்லை. ஆயினும் வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்டுமாறு 2024 செப்டம்பரில் விதி வந்தது. 'டாட்' எனச் சுருக்கமாக வழங்கும் ஜெர்மானியக் கல்விப் பரிமாற்றச் சேவையின் உதவித்தொகை பெறுவோர்க்கு இச்சுமை இல்லை. வளரும் நாட்டினர்க்கான அத்திட்டமும் இரண்டாண்டுப் பணியனுபவம் கேட்கிறது. பட்டம் பெற்று ஆறாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கலாகாது என்றும் கூறுகிறது. விரைந்தாலும் ஆகாது, தாமதித்தாலும் ஆகாது.

உள்நாட்டில் பயில விழைவோர்க்கு ஐதராபாத்தின் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 1996 முதல் ஈராண்டு வேளாண் வணிகப் பட்டயம் நடத்தி வருகிறது. அது வேளாண்மையும் அதனைச் சார்ந்த படிப்புகளும் பயின்றோர்க்கு உரியது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் இத்துறை உண்டு. இரண்டிற்கும் நவம்பரில் நடைபெறும் 'கேட்' தேர்வு எழுதியாக வேண்டும். இங்கே பொருளுதவி என்றால் பெரும்பாலும் வங்கிக் கடனே. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தின்படி, தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் சேர்வோர் பிணையும் ஈடுமின்றிக் கடன் பெறலாம். குடும்ப வருவாய் எட்டு இலட்சத்துக்கு மிகாவிடில், பத்து இலட்சம் வரையிலான கடனுக்கு மூன்று விழுக்காடு வட்டியை அரசு ஏற்கும். ஏனைய வட்டி நம் தலைமேல்தான். வட்டிக்கு அஞ்சி மகனையோ மகளையோ நிறுத்திக்கொண்ட வீடுகளை நாம் அறிவோம். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. அவ்வச்சம் உடையோரே உதவித்தொகையின் நாட்காட்டியைப் பிறரினும் முன்னதாகப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அயல்நாட்டில் பயிலும் சிறுபான்மை மாணவர்க்குக் கடன் வட்டியில் மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டு விட்டது. இன்றும் அதை நம்பி வழிகாட்டுவோர் உளர்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். இலட்சக்கணக்கான கட்டணத்தைத் திரட்ட முயல்வதைவிட, கடவுச்சீட்டு, ஆங்கிலத் தகுதித்தேர்வு, 'கேட்' கட்டணம், மதிப்பெண் சான்றுகளின் நகல் ஆகிய முன்செலவுகளை ஏற்றுக்கொள்ளலாம். சில ஆயிரங்களுக்குத் தயங்கியே பல விண்ணப்பங்கள் எழுதப்படாமற் போகின்றன.

இனி விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்கவுரைக்கு வருவோம். தமிழாசிரியரின் பங்கு இங்கேதான். அம்மாணவி காய்கறி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டாண்டைக் கடந்தபின், சென்ற திங்களில் மீண்டும் வந்தார். அவர் எழுதியிருந்த உரை, இளமை முதலே வேளாண்மையில் தமக்குப் பேரார்வம் உண்டென்றும், நாட்டின் முதுகெலும்பு உழவரே என்றும் தொடங்கியது. எவர் பெயரை இட்டாலும் பொருந்தும் உரை அது. பொருளுதவி அளிப்போர் அதனை ஆயிரம் முறை படித்திருப்பர். அவர்கள் அறிய விரும்புவன இரண்டே: நீ எதைக் கண்டாய்? திரும்பி வந்து எதைச் செய்வாய்?

"மண்டியில் நீ என்ன கண்டாய் அம்மா?" என்றோம்.

"கேரளத்து லாரி வராத நாளில் தக்காளி விலை விழுந்துவிடும் ஐயா. அத்தா சீட்டுப் போட மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார். எத்தனை பெட்டி வந்தது, எத்தனை பெட்டி நின்றுபோனது என்று மூன்று மாதம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்."

அந்த நோட்டைப் பற்றி உரையில் ஒரு வரிகூட இல்லை! அது விண்ணப்பத்தில் எழுதத் தக்கதன்று என நினைத்தாராம். முதலில் எல்லாவற்றையும் தமிழில், வீட்டில் பேசும் சொற்களிலேயே எழுதி வருமாறும், ஆங்கிலத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் கூறி அனுப்பினோம்.

பத்து நாளில் இரண்டு பக்கம் கொண்டு வந்தார். லாரி வராத ஒரு வியாழக்கிழமையில் அது தொடங்கியது. நின்றுபோன பெட்டிகளின் கணக்கு இருந்தது. பழக்கூழ் ஆக்கும் சிறுகூடத்துக்கு அவற்றை அனுப்பினால் உழவருக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கும், அதில் தமக்குத் தெரியாதவை எவை, எந்தப் பாடத்தில் அவற்றைக் கற்க விரும்புகிறார் என்பதும் இருந்தன. நாம் மூன்று ஒற்றுப்பிழைகளைத் திருத்தினோம். விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கிறது.