நாடாவைக் கிழிக்காத காந்தத் தலை

ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய ரோலரைப் பார்த்தால், இதில் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருந்தது என்று தோன்றும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே கொழுந்தை வைத்து அழுத்தி உருட்டும் வேலையைத்தான் இரும்பு செய்கிறது. 1872 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் உருட்டும் இயந்திரம் ஒன்றை ஓட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சனும் ஒன்றை உருவாக்கினார். இருவருக்கு ஒரே நேரத்தில் தோன்றியது எவருக்கும் தோன்றியிருக்கும் என்பது ஆக்கவுரிமை வழக்குகளில் பழகிய வாதம். நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், துறையில் சாதாரணத் திறனுள்ள ஒருவருக்கு வெளிப்படையாகத் தெரியும் ஒன்றுக்கு ஆக்கவுரிமை தருவதில்லை. ஆனால் எது வெளிப்படை என்பதை இன்று நின்று பார்த்துச் சொல்ல முடியாது. விண்ணப்பத் திகதிக்கு முந்திய நாளுக்குப் போய், அங்கே நின்றுதான் பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு நல்ல உதாரணம் கேசட் ரெக்கார்டரின் காந்தத் தலை. அந்தச் சிறு உலோகத் துண்டின் வழவழப்பான முகத்தில் மயிரிழையை விட மெல்லிய ஒரு கோடு தெரியும். அது வளையக் காந்தத்தில் விட்ட இடைவெளி. அங்கே கசியும் காந்தப்புலம்தான் நாடாவில் ஒலியைப் பதிக்கிறது. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் எட்வர்ட் ஷூலர் 1933 இல் இதற்கு ஆக்கவுரிமை கோரினார். ஃபாரடே இரும்பு வளையத்தில் கம்பி சுற்றியது 1831 இல். டென்மார்க்கின் போல்சன் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதித்தது 1898 இல். எல்லாம் கையில் இருந்தும் 35 ஆண்டுகள் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று உடனே தீர்ப்புச் சொல்லத் தோன்றும். அது அவசரத் தீர்ப்பு. எஃகுக் கம்பிக்குக் கூர்முனைக் காந்தமே போதுமாயிருந்தது. இரும்புத்தூள் பூசிய காகித நாடாவை ஃபிளாய்மர் 1928 இல் கொண்டுவந்த பிறகுதான் கூர்முனை நாடாவைக் கிழிக்கும் தொல்லையே தொடங்கியது. தேவை பிறக்காத ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது.

அப்படியானால் தேவை வந்ததும் விடையும் தானாக வந்துவிட்டது என்பார்கள். தெரிந்த பொருட்களைச் சேர்த்தாலே ஆக்கவுரிமை கிடைத்துவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007 இல் கே.எஸ்.ஆர். வழக்கில் வலியுறுத்தியதும் உண்மை. ஆனால் நாடா கிழிந்தால் சாதாரணப் பொறியியலாளர் முதலில் என்ன செய்திருப்பார்? முனையை மழுக்கியிருப்பார், அழுத்தத்தைக் குறைத்திருப்பார். மழுங்கிய முனையில் புலம் பரந்துவிடும். உச்ச ஒலிகள் மங்கிவிடும். தொடும் முகம் அகலமாகவும் புலம் மட்டும் கூர்மையாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்தான் ஷூலரின் புத்தாக்கம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வளையம் பழையதுதான், அந்தப் பிரிப்பு பழையதல்ல.

ரோலரையும் இந்தக் கண்ணால் பார்க்கவேண்டும். கைவேலையை இயந்திரத்திடம் விடலாம் என்ற எண்ணம் டெய்லர், ஜாக்சன் இருவருக்கும் வந்ததே, அது எவருக்கும் வரக்கூடியது என்பதற்குச் சான்று. கொழுந்து நசுங்காமல் முறுக்கேற எந்தத் தட்டை எப்படிச் சுழற்றுவது என்பது வேறு கேள்வி. அதைத் தனியாகத்தான் எடைபோடவேண்டும். பேராதனையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வேலை செய்த மாதிரியை மட்டும் படம்பிடித்து வைத்துக்கொள்வது போதாது. “முனையை மழுக்கினேன், ஒலி மங்கியது” என்பது போன்ற தோல்விக் குறிப்பையும் திகதியிட்டு எழுதி வைக்கட்டும். இது எவருக்கும் தெரிந்ததுதானே என்று ஆக்கவுரிமைப் பரிசோதகர் கேட்கும் நாளில் அந்த வரி பேசும்.