கோப்பு இருக்கின்றது, செயலி காணவில்லை

கண்ணெதிரே இருக்கும் கோப்பை, "அப்படியொன்று இல்லை" என்று கணினி சொன்னால் எவருக்கும் சினம் எழும். முதலில் வட்டின்மீது ஐயம் செல்லும். பின்னர்த் தம் நினைவின்மீதே செல்லும். இரண்டும் பிழையற்றிருக்கவும் இத்தொல்லை நேர்வதுண்டு. லினக்ஸ் கணினிகளில் பிளாட்பாக் என்னும் முறையால் நிறுவப்பெறும் செயலிகளைக் கொண்டு அதனை விளக்க முயல்வேன்.

முன்னெல்லாம் நாம் இயக்கும் செயலி எதுவாயினும் நமக்குரிய கோப்புகள் யாவற்றையும் திறக்கலாம். படம் பார்ப்பதற்கென நிறுவிய செயலிக்கும் நம் கடிதங்களும் கணக்குகளும் எட்டும் தூரத்திலேயே இருந்தன. இவ்வாபத்தைக் குறைக்கவே செயலியை ஓர் அடைப்புக்குள் வைத்து இயக்கும் வழக்கம் வந்தது. மணற்பெட்டி என்று அதனைச் சொல்வர். அலெக்சாண்டர் லார்சன் தொடங்கிய பிளாட்பாக் முறை 2016ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது.

பெரிய நூல்நிலையம் ஒன்றை எண்ணிப்பாருங்கள். வாசகர் நூலடுக்குகளிடையே நுழைதல் ஆகாது. சீட்டு எழுதிக் கொடுத்தால் அலுவலர் அந்த ஒரு நூலை மேசைக்குக் கொண்டுவருவார். "திற" என்பதை அழுத்தியதும் தோன்றும் கோப்புத்தேர்வுச் சாளரமே இங்கு அந்த அலுவலர். போர்ட்டல் எனப்படும் அது அடைப்புக்கு வெளியே நின்று, நாம் சுட்டிய கோப்பை மட்டும் உள்ளே கொடுக்கும். கோப்பின் இருப்பிடத்தை நாமே தட்டச்சுச் செய்து கொடுத்தால் அலுவலர் இடையில் இல்லை. ஆகவே செயலி கைவிரிக்கின்றது.

இதிலிருந்து பிறக்கும் விந்தைகள் பல. திரைப்படக் கோப்பைத் திறக்கின்றீர்கள், படம் ஓடுகின்றது, அதே கோப்புறையிலுள்ள வசனவரிக் கோப்பு மட்டும் வரவில்லை. கேட்ட நூல் வந்தது, பக்கத்து நூல் வரவில்லை, அவ்வளவே. குறுக்கிணைப்பும் இவ்வாறே ஏமாற்றும். அனுமதி பெற்ற கோப்புறைக்குள் இணைப்பு இருந்தாலும், அது சுட்டும் கோப்பு வேறு வட்டில் இருப்பின் செயலிக்குத் தெரியாது.

ஆகவே முதற்சோதனை எளிது. அதே கோப்பை அடைப்பில்லாத வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோப்பில் குறையில்லை. அடுத்து பிளாட்சீல் என்னும் சிறு கருவியில், அச்செயலிக்கு எந்தக் கோப்புறைகள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்று காணலாம். வேண்டிய கோப்புறையை அங்கே சேர்த்து, செயலியை முற்றாக மூடி மீண்டும் தொடங்குக. அனுமதி தொடங்கும்போதே வகுக்கப்படுவதால், ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்கு அது எட்டாது. கோப்பின் உரிமைகளை எல்லோருக்கும் திறந்துவிடுவோரும் உளர். அதனால் இவ்வடைப்பு சிறிதும் நெகிழாது; கோப்பின் காவல்தான் போகும். வீட்டுக் கோப்புறை முழுவதற்கும் அனுமதி கொடுப்பது தொல்லையைத் தீர்க்கும். ஆனால் அடைப்பு எதற்கு என்பதே மறந்துபோகும். ஸ்நாப் என்னும் மற்றொரு முறையில், பென் டிரைவுக்கான அனுமதியைப் பெரும்பாலும் தனியே கொடுக்கவேண்டும்.

இவை யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அனுமதியில்லாத செயலிக்கு, வீட்டுக் கோப்புறை போலத் தோன்றும் ஓரிடத்தைப் பிளாட்பாக் தற்காலிகமாக நினைவகத்தில் அமைத்துக் காட்டும். போர்ட்டலைப் பயன்படுத்தாத செயலி அங்கே எழுதினால் தடையேதும் எழாது. சேமித்தாயிற்று என்று நாமும் நம்பியிருப்போம். செயலியை மூடியதும் அவ்விடமே அழிந்துவிடும்; ஒரு நாளைய உழைப்பும் அதனுடன் போய்விடும்.

ஆதலால் புதிய செயலியில் நீண்ட வேலை தொடங்குமுன், இரண்டு வரி எழுதிச் சேமித்து, அக்கோப்பு கோப்பு மேலாளரில் தெரிகின்றதா என்று பாருங்கள். வேலை முடிந்தபின்னரே இதனை அறிய நேர்ந்தால், செயலியை மட்டும் மூடிவிடாதீர்கள். எழுதியது இன்னும் உள்ளே இருக்கின்றது. அதனை முழுவதும் நகலெடுத்து, வேறொரு செயலியில் ஒட்டிச் சேமித்த பின்னர் மூடலாம்.