உப்பளக் கரையில் கொல்லைப் பழமரங்கள்

(மரக்காணம் பகுதி நிலக்காரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும்)

வீட்டுக் கொல்லையில் நாலைந்து பழமரங்கள் வைத்துப் பேணுதல் நம் நாட்டில் புதிய வழக்கமன்று. குழந்தைகளுக்குப் பழமும், வெயிலுக்கு நிழலும், மிஞ்சியதை விற்றுச் சிறிது வரும்படியும் அதனாற் கிடைக்கின்றன. ஆயினும் உப்பளங்களை அடுத்த கிராமங்களில் ஆசையோடு நட்ட ஒட்டுமா நான்கைந்து ஆண்டுகள் செழித்து நின்று, பின்னர் இலை நுனி கருகி, கிளை கிளையாய்ப் பட்டுப்போவதைக் காணலாம். அவ்வாறு நேர்கையில் கன்று விற்றவனையும் காலத்தையும் குறை கூறுவார் பலர். பிழை பெரும்பாலும் மரத்தைத் தேர்ந்த அன்றே நேர்ந்துவிட்டதென்பதே உண்மை. நெற்பயிர் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். மரம் தவறினாலோ ஐந்தாறு ஆண்டு உழைப்பு வீணாகும். ஆகவே கன்று வாங்கப் புறப்படுமுன் கவனிக்கவேண்டிய விஷயங்களை இங்கே தொகுத்துக் கூறுகின்றோம்.

நிலத்தின் இயல்பு

முன்னாள் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993 முதல் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்துள்ள மரக்காணம், கடலுக்கும் உப்பங்கழிகளுக்கும் இடையே அமைந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி இங்கேதான் உள்ளது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரியும் இதனை அடுத்ததே. கடலோரத்தில் மணல், கழியோரத்தில் உவர் ஏறிய களிமண், மேற்கே செல்லச் செல்லச் செம்மண் மேடு. ஒரே கிராமத்தில் இம்மூன்றும் இருத்தல் கூடும். எனவே அயலார் கொல்லையில் வளர்ந்தது நம் கொல்லையிலும் வளருமென்று எண்ணுதல் சரியன்று.

உவர் வேறு, களர் வேறு. உவர் மண்ணில் கோடையில் வெள்ளை உப்புப் பூக்கும். நல்ல ஜலம் ஆழ இறங்கினால் உப்பு அலசப்பட்டுவிடும். களர் மண்ணிலோ சோடியம் மண்ணோடு ஒட்டி நின்று அதனை இறுகச் செய்யும். மழைநீர் கலங்கியபடியே நாட்கணக்கில் தேங்கி நிற்கும். களருக்கு ஜிப்சம் இடவேண்டும். வெறும் உவருக்கு ஜிப்சத்தாற் பயனில்லை, வடிகாலும் நல்ல ஜலமுமே மருந்து. இரண்டையும் பிரித்தறியாமல் மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிக் கொட்டுதல் வீண் செலவு.

மரத்தின் வேர் ஆழமாகச் செல்லுமாதலின், மேல்மண்ணை மட்டும் சோதித்தல் போதாது. ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களிலிருந்து தனித்தனியே மண் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புக. திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமும் இது குறித்து யோசனை பெறலாம். மண்ணின் நிறைசாற்று மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேற்பட்டால் அது உவர் மண் எனக் கொள்ளப்படும்.

கிணற்று ஜலத்தைச் சோதித்தல்

மண்ணைவிட ஜலமே இங்கு முக்கியம். மார்கழியில் எடுத்த ஜலத்தைச் சோதித்துவிட்டு மனநிறைவு கொள்ளுதல் கூடாது. மழை கலந்த அந்த ஜலம் எந்தக் கிணற்றிலும் இனிக்கும். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றி நிற்கையில் எடுத்துச் சோதித்த ஜலமே மரத்தின் ஆயுளை நிர்ணயிப்பது.

இதனை ஒரு கணக்கினால் விளங்கச் செய்யலாம். மின்கடத்துதிறன் 2 டெசிசீமன் உள்ள ஜலம் நாவிற்குச் சற்றே கரிக்கும், அவ்வளவே. அதன் ஒரு லிட்டரில் சுமார் 1.3 கிராம் உப்பு கரைந்துள்ளது. (கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.) கன்று ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லிட்டர் வீதம் தை முதல் ஆனி வரை ஆறு மாதம் ஊற்றினால், அக்குழியிற் சேரும் உப்பு இரண்டே கால் கிலோவுக்குக் குறையாது. ஜலத்தை மரமும் வெயிலும் உறிஞ்சிக்கொள்ள, உப்பு மட்டும் குழியிலேயே தங்குகிறது. உப்பளத்துப் பாத்தியில் நடப்பதும் இதுவேயன்றோ? உப்பு விளைவிப்பவர் வேண்டுமென்று செய்வதை நாம் அறியாமல் மரத்தடியிற் செய்கின்றோம். ஆண்டுக்கொருமுறை ஐப்பசி, கார்த்திகை மழை இவ்வுப்பை அலசிக் கீழே இறக்காவிடின் எந்த மரமும் நிலைக்காது.

கடலோர மணலில் நல்ல ஜலம் கீழேயுள்ள உப்பு ஜலத்தின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நல்ல ஜலம் நின்றால், மட்டத்திற்குக் கீழே சுமார் நாற்பதடி வரை நல்ல ஜலம் இருக்கும் என்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டறியப்பட்ட விதி. இதன் மறுபக்கம் அஞ்சத்தக்கது. அளவுமீறி இறைத்து மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிலைத்தால், உப்பு ஜலம் கீழிருந்து நாற்பதடி மேலேறும். ஆழ்குழாய் இறக்கி ஓயாமல் இறைப்பவர் தம் கிணற்றை மட்டுமன்றி அண்டைவீட்டார் கிணற்றையும் கெடுக்கின்றார். ஆழமற்ற கிணற்றில் சிறுகச் சிறுக இறைத்தலே இப்பகுதிக்கு ஏற்றது.

மரங்களைத் தேர்ந்தெடுத்தல்

உவரைத் தாங்கும் ஆற்றலைக் கொண்டு மரங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம்.

முதல் வகுப்பு, நன்கு தாங்குபவை: இலந்தை, நெல்லி, விளா, களா, கொடுக்காப்புளி, தென்னை, பனை.

இரண்டாம் வகுப்பு, ஓரளவு தாங்குபவை: சப்போட்டா, கொய்யா, மாதுளை, நாவல், புளி.

மூன்றாம் வகுப்பு, தாங்காதவை: மா, பலா, எலுமிச்சை, ஆரஞ்சு, வாழை. பப்பாளிக்கு உவரைவிட நீர்த்தேக்கமே கொடியது; ஓரிரு நாள் வேரில் ஜலம் நின்றாலும் அழுகிவிடும்.

மூன்றாம் வகுப்பை அறவே விலக்கவேண்டுமென்பதில்லை. கோடையிலும் கிணற்று ஜலம் நன்றாயுள்ள மேற்கத்திய மேட்டுநிலத்தார் மாவைத் தாராளமாக நடலாம். உப்பளத்தை அடுத்தவர் மாவின்மேல் ஆசை வைத்தல் வேண்டா. முதல் வகுப்பிலுள்ளவற்றைக் காட்டுமரங்களென இகழ்தலும் தகாது. நாட்டிலந்தையின்மேல் உம்ரான், கோலா முதலிய உயர்ந்த ஜாதிகளை மொட்டுக்கட்டினால் பெரிய பழம் கிடைக்கும். நெல்லியில் பவானிசாகர் 1, என்.ஏ. 7 முதலியன நல்லவை; ஒரே ஜாதியை நடாமல் இருவேறு ஜாதிகளை அருகருகே நட்டால் காய்பிடிப்பு மிகும்.

சப்போட்டாவும் பாலையும்

இப்பகுதிக் கொல்லைக்கு ஒரே ஒரு மரம் சொல்லவேண்டுமாயின் சப்போட்டாவையே சொல்லுவோம். மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா நாடுகளிலிருந்து வந்த இம்மரத்தை நம் நாட்டில் பாலை மரத்தின் கன்றுமேல் ஒட்டுக்கட்டி வளர்க்கின்றனர். அப்பாலையோ வேற்றுநாட்டதன்று, சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டிற்கே உரியது. அத்தகைய காடுகளின் எச்சம் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு போன்ற இடங்களில் இன்றும் நிற்கிறது. கடற்காற்றையும் வறட்சியையும் நெடுங்காலம் பழகிய வேரின்மேல் அயல்நாட்டுக் கனி நிற்பதே இதன் சிறப்பு. பாலைக்கன்று மெல்ல வளர்வதாகையால் ஒட்டுக்கட்டும் பருவம் எய்த ஏறத்தாழ இரண்டாண்டு ஆகும். அதனால் விதைக்கன்றையே ஒட்டுக்கன்றென விற்பவரும் உண்டு. வாங்கும்போது ஒட்டின் தழும்பைக் கண்ணாற் பார்த்து வாங்குக. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் பாலைத் துளிர்களை உடனே கிள்ளிவிடவேண்டும். விட்டால் அவை சப்போட்டாவை அமுக்கிவிடும். சிறு கொல்லைக்குக் குட்டையாக வளரும் பெரியகுளம் 1 ஏற்றது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

குழியும் நடவும்

சப்போட்டாவுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி வேண்டும்; கொய்யாவுக்கும் மாதுளைக்கும் இரண்டடி போதும். கோடையில் குழி எடுத்து ஆறவிட்டு, மக்கிய தொழுவெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. ஏரி வண்டல் சிறந்தது. ஆயின் கழியோரத்துச் சேற்றை வண்டலென்று கருதி அள்ளிவந்து இடுதல் பெருந்தீங்கு. உவர்க்கழியில் ஊறிய தேங்காய் மட்டையும் அவ்வாறே. வேறிடங்களில் தென்னங்குழியில் உப்பிடும் வழக்கமுண்டு. உப்பளக் கரையில் அதற்குத் தேவையில்லை.

தாழ்ந்த இடமாயின் குழியில் நடாமல், இரண்டடி உயரத்திற்கு மேடு கட்டி அதன்மேல் நடுக. மேட்டிலிருந்து உப்பு வழிந்திறங்கச் சுற்றிலும் சிறு வாய்க்கால் எடுத்து வெளியே விடவேண்டும். வடிகாலின்றி மேடு மட்டும் போடுதல் பாதி வேலையே.

நீர் பாய்ச்சலும் மழைநீரும்

நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றுவதைவிட, இடைவெளி விட்டு ஆழ நனையும்படி ஊற்றுதல் நலம். உப்பு வேருக்குக் கீழே தள்ளப்படும். கரிப்பு ஜலத்தை இலைமேல் தெளித்தல் கூடாது. மரத்தடியில் பனையோலை, சருகு முதலியவற்றால் மூடாக்கு இட்டால் ஜலம் ஆவியாதல் குறையும். உப்பு மேலேறுதலும் குறையும். சாம்பல் சத்து இடவேண்டின் மியூரியேட் ஆப் பொட்டாஷை விலக்கி, சல்பேட் ஆப் பொட்டாஷை இடுக. முன்னதில் குளோரைடு உண்டு.

ஓரடி ஆழ மண்ணிலுள்ள உப்பிற் பாதியை அலச, அரையடி நல்ல ஜலம் அதனூடே இறங்கவேண்டும். ஓரடி இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு நீங்கும். இவ்வளவு நல்ல ஜலத்திற்கு எங்கே போவதெனக் கேட்கலாம். கூரையைப் பார்க்க. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் சுமார் 2,350 லிட்டர் ஜலம் கிடைக்கும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அக்குழாயின் வாயை மரத்தடிப் பாத்திகளுக்கும் கிணற்றோரக் குழிக்கும் திருப்பிவிடுவது ஒருநாள் வேலை. புரட்டாசி முடிவதற்குள் பாத்திக்கரைகளை உயர்த்திச் செப்பனிட்டு, பெய்யும் மழை ஓடிவிடாமல் மரத்தடியிலேயே இறங்கச் செய்க. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலையால் கடல்நீர் ஏறிய மணற்பாங்கான நிலங்களைப் பெரும்பாலும் மீட்டதும் பின்வந்த பருவமழைகளே.

புயற்காற்று

2011 டிசம்பர் 30-ல் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் ஆகிய புயல்கள் புதுச்சேரியை ஒட்டியே கரைகடந்தன. தானே புயலில் கடலூர் ஜில்லாவின் பலாவும் முந்திரியும் ஆயிரக்கணக்கில் வீழ்ந்ததைப் பலரும் நினைவிற் கொண்டிருப்பர். ஓங்கி வளர்ந்த மரமே முதலில் வீழும். ஆகவே கன்றுப்பருவத்திலேயே தலையைக் கிள்ளி, தாழக் கிளைக்கும்படி பழக்குக. ஐப்பசிக்கு முன் நெருங்கிய கிளைகளைக் கழித்துக் காற்று ஊடே செல்ல வழி செய்க. வேலியிற் பூவரசும் அதன் உட்புறம் களாவும் வைத்தால் உப்புக்காற்று தடைப்படும். இடமுள்ளவர் கிழக்கிலும் வடக்கிலும் சவுக்கு வரிசை வைக்கலாம்.

ஐந்து சென்ட் கொல்லைக்கு ஒரு திட்டம்

ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. இதில் 25 அடி இடம்விட்டுச் சப்போட்டா ஒன்று. 15 அடி வீதம் லக்னோ 49 கொய்யா இரண்டு. 18 அடி வீதம் நெல்லி இரண்டு. 10 அடி வீதம் மாதுளை இரண்டு. இவற்றிற்கு ஏறக்குறைய 1,920 சதுர அடி செல்லும். எஞ்சியதில் வேலியும் வழியும் அடங்கும். கோடை ஜலம் மிகக் கரிப்பாயின் கொய்யாவுக்கு மாற்றாக இலந்தையும், சப்போட்டாவுக்கு மாற்றாக விளாவும் வைக்க. நாற்பது கன்றை நெருக்கி நட்டு எல்லாவற்றையும் இழப்பதினும், ஏழு மரத்தை இடமறிந்து நட்டுக் காப்பாற்றுதல் மேலாம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கொல்லை தனியாருடையதாயினும் அதன் ஜலமும் வடிகாலும் ஊர்ப்பொது. மனைகளிலிருந்து கழிக்குச் செல்லும் வாய்க்கால்கள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போனால் ஒருவர் கட்டிய மேட்டினால் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் சேர்ந்து நான்கு காரியங்கள் செய்யலாம். ஆடிக்குள் வடிகால்களைத் தூர்வாரச் செய்தல். ஊர்க்குளங்களை ஆழப்படுத்தி மழைநீரைத் தேக்குதல். ஆண்டுதோறும் வைகாசியில் ஊரின் சில கிணறுகளின் கரிப்பை அளந்து ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தல். கோயிற்காடுகளில் எஞ்சியுள்ள பாலை மரங்களை வெட்டவிடாமற் காத்தல். கிணற்றுக் கணக்கு ஐந்தாறு ஆண்டு தொடர்ந்தால், எத்தெருவில் எம்மரம் நிலைக்கும் என்பதை ஊராரே சொல்லிவிடுவர்.

உப்பு இவ்வூரில் பலருக்குச் சோறிடும் பொருள். அது பாத்தியில் நின்றால் செல்வம், வேரில் நின்றால் நஞ்சு. இவ்வாண்டு கன்று நட விரும்புவோர், கன்றுக்குமுன் ஒரு சீசாவில் கோடைக் கிணற்று ஜலத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்களாக. மற்றவையெல்லாம் அதன்பின் எளிதாகும்.