ஊரறிந்த மர்மம்

துப்பறியும் நாவல்களில் ஈடுபாடுள்ள நேயர்களுக்கு அவற்றின் சம்பிரதாயம் தெரிந்திருக்கும். முதல் அத்தியாயத்தில் ஒரு பிரேதம் அகப்படும். கொன்றவன் யார் என்பது கடைசி அத்தியாயம் வரையில் ஒருவருக்கும் தெரியாது. நிபுணர் வந்து பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்த பிறகே குட்டு வெளிப்படும். கனடா தேசத்தில் 1971-ம் வருஷம் நடந்த ஒரு கொலையைப் பற்றி நாம் இங்கே சொல்லப் புகுகிறோம். இதில் அந்தச் சம்பிரதாயம் தலைகீழாக இருக்கிறது. கொன்றவர்கள் யார் என்பது சில மாதங்களுக்குள்ளாகவே ஊரில் பலருக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் வழக்கு நியாயஸ்தலத்தில் விசாரணைக்கு வரப் பதினாறு வருஷம் சென்றது.

மானிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கிலிருந்து வடமேற்கே சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் சென்றால் ‘தி பா’ என்னும் சிறு பட்டணம் வரும். ஸாஸ்காட்சுவான் நதி அதை ஒட்டி ஓடுகிறது. ஒரு கரையில் வெள்ளையர் மிகுந்த பட்டணம். எதிர்க்கரையில் கிரீ என்னும் ஆதிக்குடி மக்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிய பிரதேசம். நதியின்மேல் பாலம் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் சினிமாக் கொட்டகையில் வெள்ளையர் ஒரு பக்கமும் ஆதிக்குடியினர் மறுபக்கமுமாக உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்துப் போஜன அறையிலும் அவ்வாறே. ஒரு மதுபானக் கடையிலாவது சில இடங்களில் ஆதிக்குடியினர் உட்காரக்கூடாது என்ற ஏற்பாடும் இருந்தது. இப்படி உட்காரும்படி சட்டம் எதுவும் கட்டளையிடவில்லை. வழக்கமே போதுமானதாக இருந்தது. நம் நாட்டுக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டிய அவசியமில்லை.

ஹெலன் பெட்டி ஆஸ்பார்ன் இந்த ஊர்க்காரியல்ல. வின்னிபெக் ஏரியின் வடகோடியில் இருக்கும் நார்வே ஹவுஸ் என்னும் கிரீ கிராமத்தில் 1952-ல் பிறந்தவள். உபாத்தியாயினி ஆக வேண்டும் என்பது அவளுடைய மனோரதம். ஆனால் சொந்த ஊரில் மேற்படிப்புக்கு வசதியில்லை. படிக்க வேண்டுமானால் ஊரை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே முதலில் தி பாவுக்கு வெளியே இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தாள். பிறகு 1971-ல் பட்டணத்து உயர்தரப் பள்ளியில் சேர்ந்து, ஒரு வெள்ளைக் குடும்பத்தாரின் வீட்டில் தங்கியிருந்தாள்.

இந்த விடுதிப் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதிக்குடிக் குழந்தைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கச் செய்து, வெள்ளையர் மாதிரி ஆக்குவதற்காகவே கனடா சர்க்காரும் கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்து நடத்தியவை அவை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏறக்குறைய 1,50,000 குழந்தைகள் அவற்றின் வழியாகப் போனார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-க்குப் பிறகுதான். பெண் குழந்தை வீட்டை விட்டு வெகுதூரம் போவதும், அந்நியர் நடுவே தனியாக இருப்பதும் அந்தச் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன காரியமாகியிருந்தது.

1971-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, பெட்டி பட்டணத்துத் தெருவில் தனியே நடந்து கொண்டிருந்தாள். வயது 19. நான்கு வெள்ளை வாலிபர்கள் வந்த மோட்டார் வண்டி அவள் அருகில் நின்றது. அவளை வலுவில் வண்டிக்குள் இழுத்துப் போட்டுக் கொண்டு ஊருக்கு வெளியே கிளியர்வாட்டர் ஏரிப் பக்கம் போனார்கள். அங்கே நிகழ்ந்ததைக் குடும்பப் பத்திரிகையில் விவரிப்பதற்கில்லை. திருப்புளியால் ஐம்பது தடவைக்கு மேல் குத்தப்பட்டிருந்த அவளுடைய உடல் அன்றே ஏரிக்கரைப் புதரில் ஒரு சிறுவன் கண்ணில் பட்டது என்பது மட்டும் போதும்.

போலீஸார் முதலில் யாரை விசாரித்தார்கள்? அவளுடைய ஆதிக்குடிச் சிநேகிதர்களை. வெள்ளை வாலிபர்கள் இரவில் மோட்டாரில் சுற்றிக்கொண்டு, ஆதிக்குடிப் பெண்களைக் குடிக்க அழைத்து வண்டியில் ஏற்றப் பார்ப்பது அந்த ஊரில் நித்திய வழக்கமாக இருந்தது. போலீஸாருக்கும் அது தெரியும். தெரிந்தும், அந்தப் பெண்களை எச்சரிக்கவோ அந்த வாலிபர்களைக் கண்டிக்கவோ அவசியம் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை.

1972-ம் வருஷம் மே மாதம் போலீஸாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதில் பெயர்களே எழுதப்பட்டிருந்தன. சம்பந்தப்பட்டவர்கள் வக்கீலின் யோசனைப்படி வாய் திறக்க மறுத்தார்கள். சாட்சியம் போதாது என்று கட்டு மூடப்பட்டது. ஆனால் போலீஸாரிடம் திறவாத வாய்கள் சிநேகிதர் நடுவில் திறந்துகொண்டன. ஒருவன் குடிபோதையில் கொலையைப் பற்றித் தானே பேசியிருக்கிறான். இப்படி ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்குப் போய், விஷயம் ஊர் முழுவதும் உலாவிற்று. கேட்டவர்களும் மறுநாள் வழக்கம்போல் கடை திறந்தார்கள், கோயிலுக்குப் போனார்கள், வீதியில் அந்த வாலிபர்களைக் கண்டால் குசலம் விசாரித்தார்கள். வருஷங்கள் ஓடின. வாலிபர்கள் நடுவயதை நெருங்கினார்கள்.

1983-ல் புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு போலீஸ் அதிகாரி பழைய கட்டைப் பிரித்துப் படித்தார். 1985-ல் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார்: இந்தக் கொலையைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று. முன்வந்தார்கள்! பதினான்கு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை வந்து சொன்னார்கள். பூதக்கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை, மாறுவேஷமும் வேண்டியிருக்கவில்லை. யாராவது கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1987 டிசம்பரில் விசாரணை நடந்தது. நால்வரில் ஒருவன் அப்ரூவராகித் தண்டனையினின்று தப்பினான். ஒருவன்மீது குற்றச்சாட்டே கொண்டுவரப்படவில்லை. ஒருவன் குற்றவாளியல்ல என்று விடுதலையானான். ஒருவன் மட்டும் ஆயுள் தண்டனை பெற்றான். ஜூரியில் ஆதிக்குடி மனிதர் ஒருவர்கூட இல்லை. ஜூரிக்கு அழைக்கப்பட்ட ஆதிக்குடியினர் அனைவரையும் எதிரித் தரப்பு வக்கீல்கள் ஆட்சேபித்து விலக்கிவிட்டார்கள். காரணம் காட்டாமல் அவ்வாறு விலக்கும் உரிமையைக் கனடா 1919-ல் அல்ல, 2019-ல்தான் எடுத்துப் போட்டது என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஜனங்களின் ஆத்திரம் அடங்காமற் போகவே, மாகாண சர்க்கார் 1988-ல் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. நீதிபதி ஹாமில்டனும் நீதிபதி மரே சின்கிளேரும் அதன் அங்கத்தினர்கள். சின்கிளேர் அம்மாகாணத்தில் நீதிபதி ஸ்தானத்தை அடைந்த முதல் ஆதிக்குடியினர், விடுதிப் பள்ளிகளின் கொடுமையைப் பிற்காலத்தில் விசாரித்து உலகறியச் செய்தவரும் அவரே, 2024-ல் காலமானார். 1991-ல் வெளியான கமிஷன் அறிக்கை நிறவெறி, பெண்களைப் பற்றிய இழிவான எண்ணம், ஊராரின் அலட்சியம் ஆகிய மூன்றையும் ஒளிமறைவின்றி எடுத்துக் கூறிற்று. ஆதிக்குடிப் பெண்ணாகப் பிறவாதிருந்தால் பெட்டி உயிரோடிருப்பாள் என்பதே அவர்கள் கண்ட முடிவு. மாகாண நீதி மந்திரி அவளுடைய குடும்பத்தாரிடம் சர்க்கார் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2000-ம் வருஷத்தில். உபாத்தியாயினி ஆக முடியாமற்போன அந்தப் பெண்ணின் பெயரால் இன்று ஆதிக்குடி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்படுகிறது.

இது ஒரு தி பாவின் கதையாக மட்டும் இருந்திருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டோம். 1980 முதல் 2012 வரையில் கனடாவில் 1,017 ஆதிக்குடிப் பெண்கள் கொல்லப்பட்டதாகவும், இன்னும் 164 பேர் காணாமற்போனவர்களாகவே இருப்பதாகவும் அந்த நாட்டுப் போலீஸாரே 2014-ல் கணக்குக் கொடுத்தார்கள். பெண் ஜனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேரே ஆதிக்குடியினர். கொலையுண்ட பெண்களிலோ நூற்றுக்குப் பதினாறு பேர். மேற்குக் கோடியில் பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகம் வரை 720 கிலோமீட்டர் காட்டு வழியாகச் செல்லும் ராஜபாட்டைக்குக் ‘கண்ணீர்ச் சாலை’ என்றே பெயர் வந்துவிட்டது. பஸ் வசதியற்ற அந்த மார்க்கத்தில், போகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி ஏறிய பெண்கள் பலர் போய்ச் சேரவில்லை. பஸ் விட வேண்டும் என்று 2006-ல் கேட்டார்கள், 2017-ல் விட்டார்கள். வான்கூவர் நகரத்தின் ஏழைப் பேட்டையிலிருந்து பல வருஷ காலம் பெண்கள் மறைந்து வந்ததை விசாரித்து, போலீஸாரின் அசிரத்தையை 2012-ல் அம்பலப்படுத்தியவர் வாலி ஓப்பல் என்னும் பஞ்சாபி வம்சத்தவர். கோமகட்டா மாரு கப்பலில் வந்த நம்மவரை 1914-ல் கரையிறங்க விடாமல் விரட்டிய அதே வான்கூவர்!

இந்தப் பெண்கள் ஏன் சொந்த ஊரில் இல்லாமல் பட்டணத்துத் தெருவிலும் நெடுஞ்சாலையிலும் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். படிப்புக்கும் பிழைப்புக்கும் என்பது பாதி விடை. மற்றப் பாதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1876-ல் ஏற்பட்ட அந்தச் சட்டத்துக்குப் பெயர் ‘இந்தியர் சட்டம்’. கொலம்பஸ் தடுமாறி நம் பெயரை அவர்களுக்கு வைத்தான். சர்க்கார் அதை இன்று வரையில் மாற்றவில்லை. ஆதிக்குடிப் பெண் ஒருத்தி வேற்றினத்தானை மணந்தால் அவள் ‘இந்தியர்’ ஆகமாட்டாள். தன் ஊரில் வசிக்கும் உரிமையும் அவளுக்குப் போய்விடும். ஆண் வேற்றினப் பெண்ணை மணந்தாலோ அவனுக்கு ஒன்றும் குறையாது. அவன் மனைவிக்கும் அந்த அந்தஸ்து கிடைத்துவிடும். ஸாண்ட்ரா லவ்லேஸ் என்னும் மாலிஸீட் குலப் பெண்மணி, விவாகம் ரத்தான பின் பிறந்த ஊருக்குத் திரும்பப் பார்த்தார். ஊரின் வாசல் அடைபட்டிருந்தது. அவர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு வரையில் முறையிட்டு, 1981-ல் நியாயம் பெற்றார். கனடா சட்டத்தைத் திருத்தியது 1985-ல். நூறு வருஷத்துக்கு மேல் சர்க்காரே பெண்களை ஊரினின்று தள்ளிவிட்டு, பிறகு இவர்கள் ஊரில் இல்லாமல் தெருவில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டது எவ்வளவு பொருத்தம்!

2016-ல் தொடங்கிய தேசிய விசாரணை 2019 ஜூன் மாதம் முடிந்தது. குடும்பத்தாரும் தப்பிப் பிழைத்தவர்களுமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் பங்கு பெற்றார்கள். அறிக்கையில் கண்ட கோரிக்கைகள் 231. நடந்தது இனப்படுகொலை என்றே கமிஷனர்கள் எழுதினார்கள். அறிக்கைகளைவிட ஜனங்கள் மனத்தைத் தொட்டது ஒரு சித்திரக்காரியின் யோசனை. ஜெய்மி பிளாக் என்னும் அந்த மாது 2010 முதல் சிவப்பு உடுப்புகளைத் திறந்த வெளியில் தொங்கவிடலானார். காற்றில் உடுப்பு ஆடும். உள்ளே ஆள் இல்லை. இப்பொழுது வருஷந்தோறும் மே 5-ந் தேதி கனடாவில் வீட்டு வாசல்களிலும் மரக்கிளைகளிலும் இந்த வெற்று உடுப்புகளைக் காணலாம்.

வின்னிபெக்கில் 2022-ல் ஒரே கொலைகாரனின் கையில் நான்கு ஆதிக்குடிப் பெண்கள் மாண்டார்கள். இருவரின் சடலங்கள் நகரத்துக்கு வடக்கே ஒரு குப்பைக் கிடங்கில் புதைந்து கிடக்கின்றன என்று போலீஸார் தீர்மானித்தார்கள். ஆனால் தேடுவது சாத்தியமில்லை என்று கையை விரித்தார்கள். நிபுணர்கள் ஆராய்ந்து, தேடலாம், மூன்று வருஷம் வரை ஆகலாம், 8 கோடியே 40 லட்சம் முதல் 18 கோடியே 40 லட்சம் டாலர் வரை செலவாகலாம் என்றார்கள். மாகாண சர்க்கார் மறுத்தது. மறுத்ததோடு நில்லாமல், 2023-ம் வருஷத் தேர்தலில் அந்த மறுப்பையே தன் உறுதிக்கு அத்தாட்சியாக ஆளும் கட்சி விளம்பரம் செய்தது. இறந்தவர்களின் மகள்மார் கூடாரமடித்துக் கிடந்து, ஊர் ஊராகச் சென்று பேசி, போராடினார்கள். தேர்தலில் ஆளும் கட்சி தோற்றது. கனடாவின் மாகாணங்களில் முதல் மந்திரியான முதல் பூர்வகுடியினர் என்ற பெருமையுடன் வாப் கினியூ பதவி ஏற்றார். 2024 டிசம்பரில் கிடங்கைத் தோண்டத் தொடங்கினார்கள். சாத்தியமில்லாத காரியம் மூன்று மாதத்தில் பலித்தது. 2025 மார்ச்சில் இருவரும் அடையாளம் காணப்பட்டு, உற்றாரிடம் திரும்பினார்கள்.

நால்வரில் ஒருத்தியின் பெயர் மூன்று வருஷம் வரை தெரியவில்லை. பெயரில்லாமல் ஒருத்தியை விட்டுவிடலாகாது என்று கருதி, ஆதிக்குடிப் பெரியோர்கள் அவளுக்குக் ‘காட்டெருமைப் பெண்’ என்று பெயரிட்டார்கள். நம் காதுக்கு இது விசித்திரமாகப் படலாம். அந்தச் சமவெளி மக்களுக்கு உணவும் உடையும் கூரையும் தந்து காத்தது காட்டெருமை; நம்மவர்க்குப் பசு எப்படியோ அப்படி. அதே 2025 மார்ச் மாதத்தில் அவள் ஸெயின்ட் தெரேஸா பாயின்ட் என்னும் தொலைதூரக் கிராமத்துப் பெண் என்று ஊர்ஜிதமாயிற்று. அவளுடைய பெற்றோருக்குச் செய்தி சொல்லப்பட்டது. வேறொரு குப்பைக் கிடங்கிலே அவளையும் தேடச் செய்வதாகக் கினியூ வாக்களித்தார்.