தீபாவளிச் சடங்கும் கனவுப் பலனும்: பெரியவர்கள் சொன்னதில் என்ன இருக்கிறது?



ஐப்பசி பிறந்துவிட்டால் எமது தோட்டங்களில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்துவிடும். பின்னேரத்தில் இடி மழை வரும். தீபாவளி முற்பணம் எப்போது என்ற பேச்சு வரும். அத்தோடு கனவுப் பேச்சும் வரும். "ராத்திரி செத்துப்போன அப்பா கனவுல வந்தாரு", "பல்லு விழுந்த மாதிரி கண்டேன், யாருக்கு என்ன ஆகப் போகுதோ" என்று பெரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் பேசிக்கொள்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒரு கனவுக்குப் பயந்து வேலைக்குப் போகாமல் பேரை இழப்பவர்கள் இருக்கிறார்கள். கோடாங்கியிடம் குறி கேட்டுக் கடன்படுபவர்களும் இருக்கிறார்கள்.

சடங்கு வேறு, கனவு வேறு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இருட்டும் மழையும் கூடும் மாதத்தில், செத்தவர்களின் நினைவும் நோய்ப் பயமும் மனிதருக்கு வருவது இயற்கை. அந்தப் பயத்தை ஆற்றுவதற்குப் பெரியவர்கள் கண்ட வழி சடங்கு. அதே பயத்தைப் பேசுவதற்குக் கண்ட வழி கனவுப் பலன். இதை விளங்கிக் கொண்டால் சடங்கைச் சந்தோஷமாகச் செய்யலாம். கனவுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

எண்ணெய் வைப்பது எதற்காக?

தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிறது. கண்ணனும் சத்தியபாமாவும் நரகாசுரனை அழித்த நாள் என்று கதை சொல்லுகிறோம். நரகாசுரன் பூமாதேவியின் மகன். சத்தியபாமா பூமாதேவியின் அம்சம். ஆக, பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் இந்தக் கதைக்குள் இருக்கிறாள். அந்தச் சாவு நாளை உலகம் துக்கமாக அல்லாமல் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்கப்பட்டதாகக் கதை முடிகிறது. வடஇந்தியாவில் இராமன் அயோத்திக்குத் திரும்பிய நாள் என்பார்கள். சமணர்களுக்கோ இது மகாவீரர் இவ்வுலகை விட்டு முக்தியடைந்த நாள். கதை இடத்துக்கு இடம் மாறினாலும் இருட்டில் விளக்கு ஏற்றுவது மாறவில்லை.

மற்ற நாட்களில் பொழுது விடியும் முன் எண்ணெய் முழுக்குக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. தீபாவளிக்கு மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கு எண்ணெயில் இலட்சுமியும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாக நம்பிக்கை. கருமாதி முடிந்த பிறகு துக்கம் கழிப்பதற்காக உறவினர் தலையில் எண்ணெய் வைக்கும் வழக்கமும் எம்மவரிடம் உண்டு. துக்கம் முடிந்தது, இனி நல்லது தொடங்கட்டும் என்பதற்கு எண்ணெய் ஓர் அடையாளம்.

குளிர் மாதத்தில் தோல் வெடிப்பதற்கும், கூடை சுமந்த முதுகின் வலிக்கும் நல்லெண்ணெய் இதமானது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்த்துக் கிண்டும் தீபாவளி லேகியமும் பலகாரம் தின்ற வயிற்றுக்காகத்தான்.

இந்த இடத்தில் கனவு உள்ளே வருகிறது. நேரில் எண்ணெய் முழுக்கு மங்களம். கனவில் எண்ணெய் முழுகினால் மட்டும் "நோய் வரும், சாவு வரும்" என்கிறார்கள். இது மிகப் பழைய நம்பிக்கை. வால்மீகி இராமாயணத்தில் சீதைக்குக் காவல் இருந்த திரிசடை ஒரு கனவு காண்கிறாள். அதில் இராவணன் எண்ணெய் பூசிக்கொண்டு தெற்கு நோக்கிப் போகிறான். தெற்கு எமனுடைய திசை. செத்தவரைக் குளிப்பாட்டும் போதும் எண்ணெய் வைக்கிறோம் அல்லவா? அந்த ஞாபகம்தான் கனவுப் பலனாக நிற்கிறது.

விளக்கு யாருக்காக?

புரட்டாசித் தேய்பிறையில் வரும் மகாளய காலத்தில் முன்னோர் பூமிக்கு வந்து தங்குகிறார்கள் என்பது ஐதீகம். அவர்கள் திரும்பிப் போகும் பாதை இருட்டாக இருக்கக்கூடாது என்று ஐப்பசி அமாவாசையில் தீப்பந்தம் காட்டும் வழக்கம் இந்தியாவில் உண்டு. எமது லயங்களிலும் தீபாவளியன்று பல வீடுகளில் முன்னோருக்குப் படையல் போட்டு, புது உடுப்பை முதலில் அவர்கள் முன் வைத்து, அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கு உடுத்துகிறார்கள். அடுத்த மாதம் திருக்கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைக்கிறோம். கோயிலில் சொக்கப்பனை கொளுத்துகிறோம்.

இது எமக்கு மட்டும் உரியதல்ல. எமது தோட்டங்களில் உள்ள கத்தோலிக்கச் சகோதரர்கள் நவம்பர் 2ஆம் திகதி கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அயர்லாந்து நாட்டுக் கிராமங்களில் ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று நம்பி, கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போன இடத்தில் கிழங்குக்குப் பதில் பூசணிக்காய் வந்தது. வெயில் குறைந்து இருட்டுக் கூடும் காலத்தில் மனிதர் எங்கேயும் தம் செத்தவர்களை நினைத்து விளக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

செத்தவர் வந்து சேலை கேட்டால்

தீபாவளி நெருங்கும்போது "அம்மா கனவுல வந்து சேலை கேட்டுச்சு", "பசிக்குதுன்னு சொன்னாரு" என்று சொல்வதை அதிகம் கேட்கிறோம். பகலில் எதை நினைக்கிறோமோ அது இரவில் கனவில் வரும். புது உடுப்பு எடுக்கும் நேரம், பலகாரம் சுடும் நேரம். இவையெல்லாம் இல்லாமல் போய்ச் சேர்ந்தவரை மனம் நினைக்காமல் இருக்குமா? அந்தக் கனவு சாபமல்ல. அது எமது பாசம்.

இதற்குப் பெரியவர்கள் சொன்ன பரிகாரம் மிகச் சின்னது. ஒரு விளக்கு, அவர் விரும்பித் தின்ற ஒரு பண்டம், முடிந்தால் ஒரு துணி. அந்தத் துணியை லயத்தில் இருக்கும் ஆதரவற்ற கிழவிக்குக் கொடுத்துவிடு என்பார்கள். கனவு கண்டவர் மனமும் ஆறுகிறது, உயிரோடு இருக்கும் ஒருவருக்குச் சேலையும் கிடைக்கிறது. "ஆத்தா ஆவி கோபமா இருக்கு, கழிப்பு எடுக்கணும்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர் சொல்வது அந்தப் பழைய வழக்கமல்ல.

பல், பாம்பு, கல்யாணம்

எம்மவர் சொல்லும் பலன்களில் பெரும்பாலானவை தலைகீழானவை. கல்யாணம் கண்டால் சாவு. சாவு கண்டால் ஆயுசு கெட்டி. மலம் கண்டால் பணம். பாம்பு துரத்தினால் கஷ்டம். கடித்துவிட்டால் பிடித்த சனி விட்டது. இந்தத் தலைகீழ் விதியில் ஒரு கருணை இருக்கிறது. பயங்கரக் கனவு கண்டு நடுங்கி எழும்புகிறவரிடம் "நல்லதுதான், பயப்படாதே" என்று சொல்ல இது உதவுகிறது.

பல் விழுந்தால் உறவில் சாவு என்பது மட்டும் பலரைக் கலங்க வைக்கிறது. 2018இல் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, பல் விழும் கனவுக்கும் காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு இந்த இறுக்கம் வரலாம். ஆகவே இந்தக் கனவு அடிக்கடி வந்தால் முதலில் பல் வைத்தியரிடம் வாயைக் காட்டுங்கள். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குத் தூக்கம் அடிக்கடி கலைவதால் கனவுகள் தெளிவாக ஞாபகத்தில் நிற்கும். பாம்பு கண்டாலும் இரத்தம் கண்டாலும் பிள்ளைக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் விழித்திருக்கும்போது இரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால், கடும் தலைவலியோ கண் மங்கலோ வந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருத்துவமாதுவுக்கும் அறிவிக்க வேண்டும்.

விடியற்காலைக் கனவு பலிக்குமா?

முதற்சாமக் கனவு பலிக்க வருஷம் ஆகும், விடியற்சாமக் கனவு பத்து நாளில் பலிக்கும் என்பது வழக்கு. தமிழில் இதற்கென்றே பொன்னவன் என்பவர் பாடிய கனா நூல் என்று ஒரு பழைய நூல் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் பாண்டிமாதேவியும் கெட்ட கனவு காண்கிறார்கள்.

விஞ்ஞானம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1953இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவரின் மூடிய கண்கள் சில வேளைகளில் வேகமாக அசைவதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அந்த வேளையில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கட்டம் வருகிறது. முதலில் சில நிமிஷங்கள்தான்; விடிய விடிய அது நீளுகிறது. அதனால்தான் விடியற்காலைக் கனவு நீளமாக, தெளிவாக இருக்கிறது. அதோடு விழிப்பதால் மறப்பதுமில்லை. பெரியவர்கள் கவனித்தது சரி. பலிக்கும் என்பதுதான் அதோடு ஒட்டிக்கொண்ட நம்பிக்கை. பலித்த ஒரு கனவை ஊரே பேசும். பலிக்காத நூறு கனவை யாரும் எண்ணுவதில்லை.

நெஞ்சில் ஏறி அமுக்குவது

"கண்ணு முழிச்சிருக்கு, கை கால் அசையல, நெஞ்சு மேல ஏதோ ஏறி அமுக்குது" என்பார்கள். அமுக்குவான் பேய் என்று இதற்குப் பெயர். கனவு காணும் கட்டத்தில் கனவில் ஓடுவதுபோல் நாம் நிஜமாக ஓடிவிடாமல் இருக்க, உடம்பின் தசைகளை மூளை கட்டிப் போடுகிறது. சில வேளை அந்தக் கட்டு அவிழும் முன்னே அறிவு விழித்துக் கொள்ளும். பேய் என்று நாம் பயப்படுவது இந்த நிலையைத்தான். சில நொடிகளில், அல்லது ஓரிரு நிமிஷத்தில் தானாகவே விட்டுவிடும். மல்லாந்து படுப்பவருக்கும், தூக்கம் கெட்டவருக்கும் கூடுதலாக வரும்.

பண்டிகை இரவில் குடித்துவிட்டுப் படுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுபானம் முன்னிரவில் கனவுக் கட்டத்தை அடக்கி வைக்கும். போதை இறங்கிய பின்னிரவில் அது பொங்கி வரும். அப்போது வரும் கெட்ட கனவுக்குப் பேயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எந்த அறிகுறியை நம்புவது?

"மலை சரியிற மாதிரி கண்டேன்" என்பதும் இந்த மாதத்துக் கனவுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், தீபாவளி முடிந்து ஒரே வாரத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மண் தரும் அறிகுறி கண்ணுக்குத் தெரியும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, திடீரென வற்றும் ஊற்று: இவற்றைக் கண்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். கனவு வரவில்லை என்பதற்காக யாரும் உள்ளே இருந்துவிட வேண்டாம்.

அதேபோல், சாவையோ விபத்தையோ நேரில் பார்த்தவருக்கு அதே கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டால், அது மனக்காயம். அதற்கும் மருந்து உண்டு, பேச்சு உண்டு. வைத்தியரிடம் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

தீபாவளி முற்பணம் பரிசல்ல. பிறகு சம்பளத்தில் மாதாமாதம் கழிபடும் எமது சொந்தக் காசு. அது பிள்ளைகளின் உடுப்புக்கும் வயிற்றுக்கும் போகட்டும். முன்னோருக்கு ஒரு விளக்குப் போதும். எமது பெரியவர்கள் அதற்கு மேல் கேட்டதில்லை. கனவு கண்டால் மனதில் வைத்துக் குமையாமல் பக்கத்துக் காம்பராவில் நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள். சொன்னதும் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயத்தைப் போக்க, கேட்பவர் பழைய வழக்கப்படி "நல்லதுதான், பயப்படாதே" என்று சொன்னால் போதும்.

எல்லோருக்கும் எமது தீபாவளி நல்வாழ்த்துகள்.