மஞ்சள் கடுதாசி கொடுக்காத திவால்



கடை நடத்துகிறவனுக்கு மாதத்தின் முதல் வாரம் முக்கியமானது. பாக்கி நோட்டில் அதிகக் கணக்குகள் தீர்வது அந்த வாரத்தில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஷூ கம்பெனிக்கு ஆர்டர் வந்தால் ஓவர்டைம் உண்டு, கடைத்தெருவில் கூட்டமும் உண்டு. ஆர்டர் நின்றால் இரண்டும் இல்லை. 2008-ல் வெளிநாட்டுச் சந்தை சரிந்தபோதும், 2020-ல் கொரோனா வந்தபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் தோல் தொழில் ஆடியது. கூடவே நம் கல்லாவும் ஆடியது.

அப்படிப்பட்ட மாதங்களிலும் தவறாமல் வந்து பாக்கி தீர்த்தவர்கள் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர், நகராட்சிச் சிப்பந்தி, மின்வாரிய ஊழியர். அதாவது பென்ஷன்காரர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் கடைக்கு வந்தார். பத்து ஆண்டு வாடிக்கை. ஒரு நாளும் கணக்கு தவறியதில்லை. "முதலாளி, செட்டில்மென்ட் பணம் இன்னும் வரலை. அடுத்த மாசம் பார்த்துக்கலாமா?" என்றார். "அதனாலென்ன ஐயா" என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னார். மூன்றாவது மாதம் அவர் நம் கடை வழியாகவே வரவில்லை. கொடுக்க முடியாத கூச்சம். எனக்குப் பணம் போனதைவிட ஒரு நல்ல மனிதர் தெருவைச் சுற்றிக்கொண்டு போவது கஷ்டமாக இருந்தது.

அவருக்கு நான் கடன் கொடுத்தேன். அவர் தம் உழைப்பையே கடனாகக் கொடுத்திருந்தார். அந்தக் கடன் வசூலாகவில்லை என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் நடந்தது

வியாபாரி நொடித்துப்போனால் மஞ்சள் கடுதாசி கொடுக்கிறான். ஊரே மஞ்சள் கடுதாசி கொடுக்குமா? அமெரிக்காவில் கொடுக்கும். அதற்கென்றே அங்கே சட்டம் இருக்கிறது.

அலபாமா மாநிலத்தில் பிரிச்சர்டு என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை நம் ஆம்பூரில் கால் பங்குகூட இராது. ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கான நிதி 2009-ல் தீர்ந்துவிடும் என்று பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. சொன்னபடியே 2009 செப்டம்பரில் நிதி தீர்ந்தது. சுமார் 150 முதியவர்களுக்கு மாதாமாதம் வந்த காசோலை நின்றது. ஓய்வூதியத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருந்தது. சட்டம் இருந்து என்ன, பணம் இல்லை. அடுத்த மாதமே ஊர் திவால் மனு கொடுத்தது.

பெரிய ஊருக்கும் இதே கதி வந்தது. கார் தொழிலுக்குப் பேர் போன டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலை 18-ந் தேதி திவால் மனு கொடுத்தது. கடன் ஏறத்தாழ 1,800 கோடி டாலர். ஒரே தொழிலை நம்பிய ஊர் அது. 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள், 2013-ல் சுமார் 7 லட்சமாகக் குறைந்திருந்தார்கள். வரி கொடுப்பவர் போய்விட்டார்கள், பென்ஷன் வாங்குபவர் இருந்தார்கள். கடைசியில் பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டப்பட்டது. விலைவாசிக்கு ஏற்ற ஆண்டு உயர்வும் போயிற்று. ஒரே தொழிலை நம்பி வாழும் நம் பகுதிக்கு இந்தக் கதை அந்நியமல்ல.

நம் நாட்டில் தவணைத் திவால்

நம் நாட்டில் நகராட்சியோ மாநகராட்சியோ திவால் மனு கொடுக்கச் சட்டத்தில் வழி கிடையாது. 2016-ல் வந்த திவால் சட்டம் கம்பெனிகளுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் தனியாருக்கும்தான். அப்படியானால் நம் ஊரில் என்ன நடக்கிறது? யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. 'அடுத்த மாதம்' என்கிறார்கள்.

நம் கண்ணெதிரே உள்ள உதாரணம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகத்தை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1998 செப்டம்பரில் இக்கழகங்களின் ஊழியருக்கெனத் தனி ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2011 நவம்பருக்குப் பிறகு 2018 ஜனவரி வரை பஸ் கட்டணம் உயரவில்லை. ஆனால் சம்பளமும் உதிரிபாகமும் நிற்கவில்லை. 2018 ஜனவரியில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சேமநிதி, பணிக்கொடை போன்ற தங்கள் பணத்தை அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டார்கள் என்பது தொழிற்சங்கங்களின் பெரிய குற்றச்சாட்டு. 2024 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம். ஓய்வு பெற்றவர்களுக்கு எட்டு ஆண்டுகளாக ஏறாத அகவிலைப்படி அதில் முக்கியக் கோரிக்கை. எட்டு ஆண்டில் அரிசி, பருப்பு, மருந்து விலை எவ்வளவு ஏறியது என்று நமக்குத் தெரியாதா?

மாநில அரசும் நெருக்கடியில் இதையேதான் செய்தது. 2003-ல் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2020 மே மாதம் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. ஓய்வுகாலப் பணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டதும் அதன் பலன்களில் ஒன்று.

முப்பது ஆண்டு பில்

ஓட்டை எங்கே இருக்கிறது? வியாபாரக் கணக்கில் பார்ப்போம். ஒருவர் இன்று சரக்கு எடுத்துவந்து விற்றுவிடுகிறார். பில்லை முப்பது ஆண்டு கழித்துக் கட்டுவதாகச் சொல்கிறார். அந்தக் கடனைப் பேரேட்டில் எழுதவும் இல்லை, அதற்கென்று பணம் எடுத்து வைக்கவும் இல்லை. ஆண்டுதோறும் லாபம் காட்டுகிறார். இவருக்கு மண்டித் தெருவில் யாராவது சரக்குக் கொடுப்பார்களா? பழைய ஓய்வூதிய முறை இப்படித்தான் நடந்தது. பெரும்பாலும் அந்தந்த ஆண்டு வரி வருமானத்திலிருந்தே கொடுத்தார்கள்.

2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம் போட்டார்கள். ஆனால் மற்ற மாநிலங்களைப் போல அந்த நிதியைத் தேசிய ஓய்வூதிய ஆணையத்தின் கீழ் தமிழகம் கொண்டுபோகவில்லை. 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அதற்கு முதலில் 13,000 கோடி, பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 கோடி ரூபாய் வேண்டும் என்று அரசே அன்று சொன்னது. வாக்குறுதியோடு தொகையையும் சொன்னது நல்லதுதான். அந்தத் தொகை ஒவ்வோர் ஆண்டும் உண்மையில் ஒதுக்கப்படுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

"எனக்கு யார் பென்ஷன் தருகிறார்கள்? அவர்களுக்கு மட்டும் ஏன்?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நியாயமான ஆதங்கம். ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு 15,000 ரூபாய் சம்பளக் கணக்கில் 14 ஆண்டு வேலைக்கு மாதம் 3,000 ரூபாய்தான் பென்ஷன். அவரும்தான் சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிறார். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஓய்வூதியம் பிச்சையல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் சொல்லிவிட்டது. உழைப்பை வாங்கிக்கொண்ட பின் விலையில் பேரம் பேசுவது வியாபார தர்மமும் அல்ல.

இதில் வணிகனுக்கு இரண்டு பக்கமும் அடி. பென்ஷன் தாமதமானால் பாக்கி நோட்டு நிறைகிறது. பற்றாக்குறை முற்றினால் வரி ஏறுகிறது. 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தபோது நம் நகராட்சிகளில் வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம் ஏறியது நினைவிருக்கும். அப்போது நாம் வரி ஏறியதை எதிர்த்துப் பேசினோம். கணக்கைக் காட்டுங்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

இனி நகராட்சி, மாநகராட்சி வரவு செலவு வரும்போது நம் சங்கம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை எவ்வளவு? இந்த ஆண்டு கட்ட வேண்டிய ஓய்வூதியப் பங்குத்தொகை முழுதும் கட்டப்பட்டதா? அடுத்த பத்து ஆண்டில் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள், அதற்கு என்ன ஏற்பாடு? மூன்றுக்கும் பதில் வந்தால் வரியை முகம் சுளிக்காமல் கட்டலாம்.

கூடவே நம் கடையிலும் பார்த்துக்கொள்வோம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் சேமநிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா? நம்மிடம் முப்பது ஆண்டு மூட்டை தூக்கியவருக்கு நாம் என்ன எடுத்து வைத்திருக்கிறோம்? அதற்குப் பதில் வைத்துக்கொண்டு பிறகு நகராட்சியைக் கேட்போம். அப்போது கேள்விக்குப் பலம் அதிகம்.