வைக்கோலும் வண்டி ஓட்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை விட்டுப் பிழைப்பை நாடி வெளியூர்களில் குடியேறிய நம்மவர் பலருக்கு ஊரில் இன்றும் பத்துச் சென்ட் நிலமேனும் உண்டு. அதில் மரச்சீனி, வாழை, தென்னை, ரப்பர் ஆகியவை நிற்கும். கிழங்கும் குலையும் விலைக்குப் போகும். தண்டும் தழையும் சருகும் எரிந்து சாம்பலாகும், அல்லது கிடந்து மக்கும். இந்தக் கழிவிலிருந்து மோட்டார் வண்டிக்கு எரிபொருள் வடிக்க இயலுமா? இயலும் என்கிறது விஞ்ஞானம். அதற்கான ஆராய்ச்சியும் நம் ஊர்களுக்கு அருகிலேயே நடைபெறுகிறது.

நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், நேமத்தை அடுத்து வருவது பாப்பனங்கோடு. அங்கே மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் 1975-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1978-இல் வட்டார ஆராய்ச்சிசாலை என்று பெயர் பெற்ற அது, 2007 முதல் பல்துறை அறிவியல் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் என வழங்குகிறது. பயிர்க் கழிவிலிருந்து எரிசாராயம் காய்ச்சும் வழியை ஆராய அங்கே தனிப் பிரிவே இயங்கி வருகிறது.

அது எவ்வாறு நடைபெறுகிறது? வைக்கோலின் நாரும் ஒருவகையில் சர்க்கரையே. சர்க்கரைத் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, லிக்னின் என்னும் பசைப்பொருளால் இறுகிக் கிடக்கின்றன. முதலில் நாரைப் பொடித்து, சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்து, சூட்டில் வேகவைத்து அப்பிடியைத் தளர்த்துவர். பின்னர் நொதிகள் அச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கும். அச்சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கச் செய்யும். அதைக் காய்ச்சி வடித்து, நீரை அறவே நீக்கினால் பெட்ரோலுடன் கலக்கத்தக்க எரிசாராயம் கிடைக்கும்.

நொதியின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் தங்கிய அமெரிக்கப் படையினரின் பருத்தித் துணிகளும் கூடாரங்களும் இற்றுப்போயின. காரணம் ஒரு பூசணம். அதனை ஒழிக்கவே அரசாங்கப் பணத்தில் ஆராய்ச்சி தொடங்கிற்று. துணியைத் தின்ற அப்பூசணத்தின் நொதியே இன்று வைக்கோலைச் சர்க்கரையாக்கும் கருவியாயிற்று. எதிரியாக வந்தது ஏவலாளாக மாறிய கதை இது!

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. ஆதலால் அரசாங்கம் இத்துறையில் பெரும் பொருள் செலவிடுகிறது. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எரிசாராயம் செய்வது அதன் திட்டம்.

ஆயினும் ஒரு பழைய பாடத்தை நாம் மறத்தலாகாது. நாம் பணியாற்றும் ரயில்வேயே 2002 டிசம்பர் 31 அன்று டில்லி–அமிர்தசரஸ் சதாப்தி வண்டியைத் தாவர எண்ணெயிலிருந்து செய்த டீசலில் 5 சதவீதம் கலந்து ஓட்டிப் பார்த்தது. அடுத்த ஆண்டு திட்டக்குழுவும் காட்டாமணக்கு வளர்ப்பைப் பெரிதும் பரிந்துரைத்தது. தரிசிலும் விளையும் என்ற சொல்லை நம்பி நட்டவர் பலர். செடி உயிர் பிழைத்தது. காய்தான் கணிசமாகக் காய்க்கவில்லை. நீரும் எருவும் இல்லாத நிலம் எதைத் தரும்?

மற்றொரு கவலை உணவைப் பற்றியது. மரச்சீனியிலிருந்தும் எரிசாராயம் செய்யலாம். ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அதற்கு முறை கண்டுள்ளது. ஆனால் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பரவிய அக்கிழங்குதான், போர்க்காலத்தில் பர்மா அரிசி நின்றபோது நம் முன்னோரின் பசி தீர்த்தது. இன்று பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம் பெரும்பாலும் கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்தே வருகிறது. உலையில் கை வைக்காத எரிபொருள் வேண்டுமாயின் கழிவை நாடும் ஆராய்ச்சியே தக்க வழி.

அதற்கும் தடைகள் உண்டு. நொதியின் விலை அதிகம். வைக்கோல் கனமற்றது, இடம் அடைப்பது. லாரிக் கூலியே ஆதாயத்தை விழுங்கிவிடும். நம் கிராமங்களிலோ நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, வயலும் சுருங்கிவிட்டது. மாட்டுக்குத் தீனியும் மண்ணுக்கு உரமும் போக எஞ்சுவதே ஆலைக்கு உரியது. எனவே பானிப்பட்டு போன்ற பேராலை நம் எல்லையில் எழும் என்று கனவு காண்பது வீண். சிறு அளவில், அருகருகே திரட்டிய கழிவைக் கொண்டு இயங்கும் முறை கைகூடினால் மட்டுமே நம் தோட்டத்துக்குப் பயன் விளையும்.

ஆகவே ஊரிலுள்ள பெரியவர்களுக்கு நாம் எழுத வேண்டியது இதுவே. புதுப்பயிர் நட்டால் பொன் விளையும் என்று எவரேனும் வந்தால், வாங்குவோர் யார், விலை என்ன, எழுத்தில் உண்டா என்று கேட்டபின் மண்வெட்டியை எடுக்கட்டும். கிழங்கு நிற்கும் நிலத்தை அவசரப்பட்டு மாற்றவேண்டாம். நம் பிள்ளைகளுள் இரசாயனமும் உயிரியலும் கற்போர் விடுமுறைக்கு ஊர் செல்லுகையில் பாப்பனங்கோட்டு நிலையத்தைப் பற்றி விசாரித்து அறியட்டும். நம் வரிப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சி அது. அதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.